தேயிலை மலையின் அயலவர்கள்: மலையகக் குழந்தைகளுக்கு உள்ளூர்க் காட்டு விலங்குகளை அறிமுகப்படுத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த நாய் காணாமற்போன காலையில்தான் இலங்கை மலையகக் குழந்தைகளிற் பலர் சிறுத்தையைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். கோழிக்கூடு உடைந்து கிடந்த காலையில் மரநாயையும், உருளைக்கிழங்குப் பாத்தி ஏர் உழுததுபோலப் புரண்டு கிடந்த காலையில் காட்டுப்பன்றியையும் அறிந்துகொள்கிறார்கள். அச்சத்தோடும் நட்டத்தோடும் தொடங்குகிற இந்த அறிமுகம் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகிறது. அதே குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்துக் காட்டு விலங்குகளை வரையச் சொன்னால், சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் வரிக்குதிரையையும் வரைந்து தருகிறது. வீட்டுக்குப் பின்னால் நூறு யார் தூரத்தில் இரவுதோறும் நடந்துபோகும் விலங்கு அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை.

தோட்டப் பாடசாலையொன்றில் ஆரம்ப வகுப்புகளுக்குக் கற்பிப்பவன் என்ற முறையில், சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்துக்காக நான் செய்து பார்த்தவற்றையும், செய்து தோற்றவற்றையும் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பெற்றோர், முன்பள்ளி ஆசிரியர், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) பணிபுரிவோர் ஆகிய எவரும் இதைப் பின்பற்றலாம். தொலைநோக்கியோ விலையுயர்ந்த படப்புத்தகமோ தேவையில்லை. குழந்தை ஏற்கனவே பாதி அறிந்து வைத்திருக்கும் விலங்கிலிருந்து தொடங்கி, அந்தப் பாதி அறிவை முழுமையாக்குவதே இம்முறையின் அடிப்படை.

தொடங்குமுன் பெரியவர் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

முதலில் உங்கள் ஊருக்கென்று ஒரு பட்டியலைத் தயாரித்துக்கொள்ளுங்கள். இலங்கையின் விலங்குகள் என்ற பொதுப் பட்டியல் இங்கே உதவாது, ஏனெனில் மலையகத்தில் உயரம் கூடக் கூட விலங்குகளும் மாறிக்கொண்டே போகின்றன. கண்டியிற் காணப்படும் பறவைகள் சில நுவரெலியாவில் இல்லை. நுவரெலியாவில் வேலியோரங்களில் வாழும் கரிய உதட்டு ஓணானைக் கண்டியிற் காண முடியாது. கரடி வறண்ட தாழ்நிலத்து விலங்கு. அது நம் மலைகளில் இல்லை. புலி இந்தத் தீவிலேயே இல்லை. பாடப்புத்தகத்தில் யானை இருக்கிறதே என்று குழந்தை கேட்டால், அதற்கு உண்மையான ஒரு விடை உண்டு. ஒரு காலத்தில் இந்த மலைகளிலும் யானைகள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்து வேட்டையும், கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் வெட்டப்பட்டதும் அவற்றை இல்லாமற் செய்துவிட்டன. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தயங்காமற் சொல்லலாம்.

பட்டியலுக்கான தகவலை இணையத்தில் தேடுவதற்கு முன்னர், கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் இரவுக் காவல் செய்யும் வாச்சரிடமும் விறகுக்குப் போகிறவர்களிடமும் கேளுங்கள். எந்த நம்பர் மலையில் (இலக்கமிட்ட தேயிலைப் பகுதியில்) மரை என்னும் பெரிய மான் இறங்குகிறது, நீர் பிடிக்கும் எந்தப் பீலிக்கரைக்குப் பன்றி வருகிறது, எந்த மரத்தில் மந்திக் கூட்டம் தங்குகிறது என்பதையெல்லாம் அவர்களே அறிவார்கள். முடிந்தால் இந்த விசாரிப்பையே குழந்தையிடம் ஒப்படைத்துவிடலாம். முப்பது ஆண்டுகள் மலையேறிய அம்மாயியிடம் பேத்தி சென்று, “நீங்க என்னென்ன மிருகம் பார்த்திருக்கீங்க?” என்று கேட்கும்போது, வகுப்பறையில் நான் ஒரு தவணை முழுவதும் சொல்லக்கூடியதைவிட அதிகமாக ஒரே மாலையில் அவளுக்குக் கிடைத்துவிடுகிறது.

பட்டியலில் ஏழெட்டு விலங்குகள் போதும். பெரும்பாலான தோட்டங்களுக்குச் சிறுத்தை, மரை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மந்தி, குரங்கு, மலை அணில், மரநாய் ஆகியவை பொருந்தும். அவற்றுடன் இரண்டு மூன்று பறவைகளையும் ஓர் ஓணானையும் ஒரு தவளையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதற்படி: பெயரைச் சரியாகச் சொல்லுதல்

பெயர் தெரியாத விலங்கைக் குழந்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நம் வீடுகளில் வழங்கும் பெயர்களோ சில இடங்களில் குழப்பமானவை. சிறுத்தையைப் ‘புலி’ என்றே பலரும் சொல்கிறோம். அதனால் குழந்தை படப்புத்தகத்தில் வரிகள் கொண்ட புலியைப் பார்த்து, அதுதான் நம் மலையில் இருப்பதாக நம்பிவிடுகிறது. உடலிற் புள்ளிகளும் பூப்போன்ற கருவளையங்களும் கொண்ட சிறுத்தைதான் இங்கே வாழ்வது என்பதை ஒரு படத்தை வைத்து முதல் நாளிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். ஹோட்டன் சமவெளியில் மேயும் பெரிய விலங்கை மான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், மரை என்ற பெயரையே சொல்லிக் கொடுங்கள். சங்கப் பாடல்களிலும் வருகிற இந்தப் பழஞ்சொல் இலங்கைத் தமிழில் இன்றும் உயிரோடு வழங்குகிறது என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் பெருமையாக இருக்கிறது.

குரங்கையும் மந்தியையும் வேறுபடுத்திக் காட்டுவது அடுத்த வேலை. செம்பழுப்பு நிற உடலும், உச்சியில் தொப்பி கவிழ்த்ததுபோலச் சுழன்று படிந்த மயிரும் கொண்டது குரங்கு. உலகத்தில் இலங்கையில் மட்டுமே வாழும் இனம் அது. கரிய உடலும் நீண்ட வாலும் வெளிறிய தாடியும் கொண்டது ஊதாமுக மந்தி. அதுவும் இலங்கைக்கே உரியது. குளிருக்கேற்ப அடர்ந்து வளர்ந்த மயிரினால், மலையகத்து மந்தி பார்வைக்குச் சிறு கரடியைப் போலத் தோன்றும். வெள்ளைக்காரத் துரைமார் அதற்குக் கரடிக் குரங்கு என்று பெயர் வைத்ததற்குக் காரணம் அதுவே. குரங்கு எதையும் தின்னும், சமையலறைக்குள்ளும் நுழையும். மந்தி பெரும்பாலும் இலையைத் தின்று மரத்திலேயே காலம் கழிக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்ற குழந்தை, தானாகவே மற்ற விலங்குகளையும் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடும்.

சில பெயர்கள் விலங்கைக் காண்பதற்கு முன்பே வசையாக வந்து சேர்ந்துவிடுகின்றன. மெலிந்த பிள்ளையைத் ‘தேவாங்கு மாதிரி’ என்று திட்டாத வீடு குறைவு. தேவாங்கு என்பது உள்ளங்கையில் அடங்கும் உடலும் பெரிய கண்களும் கொண்டு, இரவில் மட்டும் கிளைகளில் மெல்ல நடமாடிப் பூச்சி பிடிக்கும் உயிர் என்று சொல்லிக் கொடுத்தால், அந்த வசையே ஓர் அறிமுகமாகிவிடும். ஹோட்டன் சமவெளித் தேவாங்கு 1939ஆம் ஆண்டுக்குப் பின்னர் 2002ஆம் ஆண்டு வரை எவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2010ஆம் ஆண்டில்தான் அதன் புகைப்படங்கள் வெளியுலகுக்குக் கிடைத்தன. நம் மலையில் ஒளிந்திருந்த ஒரு விலங்கை அறுபது ஆண்டுகளுக்கு மேல் எவருமே காணவில்லை என்ற செய்தியைக் கேட்டு, தரம் 4 பிள்ளைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு விலங்குக்கும் சிங்களப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது நல்லது. மரைக்குக் கோனா, மலை அணிலுக்குத் தண்டுலேனா, தேவாங்குக்கு உணஹபுலுவா. பின்னாளில் வனஜீவராசிகள் அதிகாரியிடம் ஒரு தகவலைச் சொல்வதற்கும், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு பேசுவதற்கும் இந்தச் சொற்கள் உதவும். இலங்கைச் சிறுத்தையின் அறிவியற் பெயரின் கடைசிச் சொல்லும் ‘கொட்டியா’ என்ற சிங்களச் சொல்தான்.

இரண்டாம் படி: வாசலிலிருந்து தொடங்குதல்

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை எங்கும் அழைத்துச் செல்லத் தேவையில்லை. காலையில் பத்து நிமிடம் வாசற்படியில் அவர்களோடு அமர்ந்திருங்கள். கொண்டைக்குருவி, மணிப்புறா, அணில், ஓணான் ஆகியவை தாமாகவே வந்துபோகும். ஒரு நாளைக்கு ஓர் உயிரை மட்டும் பார்த்து, அது என்ன செய்கிறது என்று குழந்தையையே சொல்லவிடுங்கள். “அது என்ன?” என்பதைவிட “அது என்ன செய்யுது?” என்ற கேள்வி சிறு பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்கிறது.

ஓணானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அணில் இராமருக்கு உதவியது, அதனால் அவர் தடவிய மூன்று விரல்களின் கோடு அதன் முதுகில் நிற்கிறது. ஓணான் அவரை அவமதித்தது, அதனால் அதைக் கல்லால் அடிக்கலாம் என்று நம் பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். அணில் கதை அழகான கதை, அதை விட்டுவிடத் தேவையில்லை. ஓணான் கதையைச் சொல்லும் பெரியவர்கள் மட்டும், கையிலிருக்கும் கல்லைக் கீழே போடச் சொல்லிவிட்டு, அந்த ஓணானை ஐந்து நிமிடம் பார்க்கச் செய்ய வேண்டும். நுவரெலியாப் பக்கத்து வேலிகளிலும் தேயிலைச் செடிகளிலும் காணப்படும் கரிய உதட்டு ஓணானின் ஆண், பச்சை உடலும் மை பூசியது போன்ற உதடுகளுமாய் மிக அழகாக இருக்கும். அது இலங்கையின் உயர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஹக்கலை, நுவரெலியா, ஹோட்டன் சமவெளிக் காடுகளில் மூக்கின் நுனியில் வெண்கொம்பு முளைத்த இன்னொரு வகையும் வாழ்கிறது. மூக்கில் கொம்புள்ள அந்த ஓணானின் படத்தை ஒருமுறை காட்டிவிட்டால், கல்லெறிகிற கை தயங்கும். மலை அணிலின் முதுகில் ஏன் கோடு இல்லை என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். “அது அன்று பாலம் கட்ட வரவில்லை போலும்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

மழைக்காலத்து மாலைகளைத் தவளைகளுக்கு ஒதுக்கலாம். முட்டை, வாற்பேத்தை, தவளை என்ற வாழ்க்கை வட்டத்தைப் பாடப்புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நம் மலைப் புதர்களில் இரவில் ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பும் விரல்நுனியளவு தவளைகள் பல, இந்த வட்டத்துக்கு அடங்குவதில்லை. அவை நீரில் முட்டையிடுவதில்லை. ஈரமான இலைச் சருகுகளிலும் மண்ணிலும் இடப்பட்ட முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் நடந்து, வாற்பேத்தைப் பருவம் வெளியே தெரியாமல், சிறு தவளையாகவே வெளிவருகின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்று தன் வீட்டு வேலியில் இருக்கிறது என்று அறிவது ஒரு குழந்தைக்குப் பெரிய விஷயம். டோர்ச் வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடிக்காமல், சத்தம் வரும் திசையில் இலைகளின் அடிப்பக்கத்தைத் தேடிப் பார்க்கச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: வெளியே கால் வைப்பதற்கு முன் ஆபத்துகளைச் சொல்லுதல்

மலையகத்தில் பிள்ளைகளுக்கு முதலில் எச்சரிக்க வேண்டியது சிறுத்தையைப் பற்றியல்ல, குளவியைப் பற்றித்தான். கொழுந்து மலையில் குளவிக்கொட்டுக்கு ஆளாகி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் தொழிலாளர்களைப் பற்றிய செய்தி வராத மாதம் இல்லை என்றே சொல்லலாம், உயிரிழந்தவர்களும் உண்டு. நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில், உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை முகங்களிலும் பெரிய அடையாகத் தொங்கும் பெருந்தேனீயும் அடங்கும். கூட்டை நோக்கிக் கல்லெறியக் கூடாது, அதன் கீழே கூச்சலிடக் கூடாது, அருகே புகை மூட்டக் கூடாது. கூடு கலைந்துவிட்டால் அடித்து விரட்ட முயலாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி வீட்டுக்குள் நுழைய வேண்டும். நடைக்குச் செல்லும் பாதையில் கூடு இருக்கிறதா என்பதை முந்திய நாளே பெரியவர் ஒருவர் போய்ப் பார்த்து வருவது கட்டாயம்.

பாம்பைப் பொறுத்தவரை, விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க முயல வேண்டாம். எந்தப் பாம்பைக் கண்டாலும் அப்படியே நின்று, இரண்டடி பின்வைத்து, பெரியவரை அழைப்பது என்ற ஒரே விதி போதும். இலங்கையில் அதிகமானோரைக் கடிப்பது, சருகுகளுக்கிடையே சுருண்டு கிடக்கும் குனகட்டுவா எனப்படும் சிறிய விரியன். தேயிலைச் செடியின் பச்சையோடு பச்சையாகப் படுத்திருக்கும் பச்சை விரியனும் நம் தோட்டங்களுக்குப் பழகியதே. மூத்த பிள்ளைகளிடம் மட்டும், மரக்கறிப் பாத்தியைக் கொத்தும்போது வெளிப்படும் பழுப்பு நிறச் சிறு மண் பாம்புகளிற் பல தீங்கற்றவை என்றும், அவற்றை மண்வெட்டியால் வெட்டத் தேவையில்லை என்றும் சொல்லலாம். யாரையேனும் பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது; வளையல், மோதிரங்களைக் கழற்றி, அசையாமல் வைத்து, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

குரங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை. சப்பாத்தில் சவர்க்காரமோ உப்போ தடவிக்கொண்டால் போதும், அதற்காக நடையை நிறுத்தாதீர்கள்.

நான்காம் படி: தடயங்களைப் படித்தல்

காட்டு விலங்குகளில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. விலங்கை நேரிற் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அழைத்துச் செல்பவர் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார். நான் ஒருமுறை முப்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் காட்டோரத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர்கள் போட்ட சத்தத்தில் காகம்கூட நிற்கவில்லை. அதன்பின் ஆறு பேருக்கு மேல் அழைத்துச் செல்வதில்லை. தேடுவதும் விலங்கு விட்டுச் சென்றதை மட்டுமே.

இதற்கான எளிய ஏற்பாட்டைப் பீலிக்கரையிலோ தோட்டத்து ஒற்றையடிப் பாதையிலோ செய்துகொள்ளலாம். மாலையில் ஓரடி அகலமும் மூன்றடி நீளமுமாக மண்ணைக் கொத்தி, கல், வேர்களை அகற்றி, சிறிது நீர் தெளித்துப் பலகையால் மட்டப்படுத்திவிட்டு வாருங்கள். மறுநாள் அதிகாலையில், மற்றவர்கள் நடப்பதற்கு முன்பு, குழந்தையோடு சென்று பாருங்கள். மரையின் காலடி மாட்டின் குளம்பைப் போல இரண்டாகப் பிளந்து, ஒடுங்கி நீண்டிருக்கும். காட்டுப்பன்றியின் பிளந்த குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு குழிகள் கூடுதலாகப் பதிந்திருக்கும். நாயின் தடத்தில் விரல்களுக்கு முன்னால் நகத்தின் கீறல் தெரியும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் அதன் தடத்தில் நகக்குறி இராது. வட்டமான அந்தத் தடத்தின் நடுத் திண்டு, பின்புறத்தில் மூன்று மடிப்புகளாகத் தெரியும்.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்ட விதத்தை மறைக்க விரும்பவில்லை. மழை பெய்த மறுநாள், பாதையில் கிடந்த ஒரு தடத்தைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்தி, சிறுத்தையைப் பற்றிக் கால் மணி நேரம் உரையாற்றினேன். கூடையோடு அந்த வழியாக வந்த ஒரு வயதான அம்மா நின்று கேட்டுவிட்டு, “சேர், இது வாச்சர் வீட்டு நாய் சேர். நகம் பதிஞ்சிருக்கு பாருங்க” என்றார். பிள்ளைகள் அந்தப் பாடத்தை இன்றுவரை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

நல்ல தடம் கிடைத்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். மட்டைத் துண்டொன்றை வளையமாக்கித் தடத்தைச் சுற்றி மண்ணில் அழுத்திப் பதியுங்கள். இரண்டு கோப்பை பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் தூளை ஒரு கோப்பை நீரில் கொட்டி, கட்டியில்லாமல் வேகமாகக் கலக்கி, தடத்தின் மேல் நேராக ஊற்றாமல் ஓரத்திலிருந்து வழியவிடுங்கள். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். நம் ஊர் ஈரத்தில் இன்னும் சற்றுப் பொறுப்பது நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் உலர்ந்த பிறகே மண்ணைத் தூரிகையால் துடைக்க வேண்டும். பிளாஸ்டர் கிடைக்காவிட்டால், தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படமெடுங்கள். அளவு பின்னர் அதிலிருந்து தெரிந்துவிடும்.

தடம் இல்லாத இடத்திலும் தடயம் இருக்கும். முள்ளம்பன்றி விட்டுச்செல்லும் கறுப்பு வெள்ளை முள்ளைக் கண்டெடுக்காத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. அது முள்ளை அம்புபோல எய்யும் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படி எய்வதில்லை, பின்புறமாக வந்து குத்தும், அப்போது தளர்ந்த முள் கழன்றுவிடும் என்பதை விளக்குங்கள். பாறை மீதோ மதில் மீதோ கிடக்கும் மரநாயின் எச்சத்தில் கித்துள் விதையோ கோப்பிக் கொட்டையோ முழுதாக இருக்கும். கோழி திருடும் அதே விலங்குதான் கித்துள் மரத்தைக் காடெங்கும் விதைக்கிறது. எச்சத்தைக் குச்சியால் மட்டுமே கிளற வேண்டும், பிறகு கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

ஐந்தாம் படி: காதால் அறிதல்

மூடுபனி இறங்கிய காலைகளில் கண்ணால் ஆவது ஒன்றுமில்லை, ஆனால் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பிள்ளைகளைக் கண்ணை மூடச் செய்து, கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் பள்ளத்தாக்கையே அதிரவைக்கும் மந்தியின் முரட்டுக் குரல், மரத்துக்கு மரம் விடாமல் கூவும் குக்குறுவான், நம் தேசியப் பறவையான காட்டுக்கோழியின் சுருக்கமான கூவல் ஆகியவற்றைச் சில நாட்களிலேயே பிள்ளைகள் பிரித்தறிந்துவிடுவார்கள். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் இந்தியாவிலிருந்து வந்து தங்கும் ஆறுமணிக் குருவி, பெயருக்கேற்பக் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுக்கும். கடிகாரம் பார்க்கக் கற்கும் வயதினருக்கு இதைவிடப் பொருத்தமான பறவை இல்லை.

சிறுத்தையின் குரல், தடித்த மரத்தை வாளால் முன்னும் பின்னும் அறுப்பதுபோல இருக்கும். சினிமாவில் வரும் உறுமலை எதிர்பார்க்கும் பிள்ளைகள் அதைக் கேட்டும் அடையாளம் காண மாட்டார்கள். இரவில் மரை திடீரென்று உரத்து ஒலியெழுப்பினாலோ, நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயடைத்துத் திண்ணைக்குள் ஒடுங்கினாலோ, அருகே எங்கேயோ அது நடக்கிறது என்று முதியவர்கள் கணிப்பதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆறாம் படி: சிறுத்தையையும் கம்பியையும் பற்றிப் பேசுதல்

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் படி வேண்டாம். மூத்த பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம்.

சிறுத்தை தேயிலை மலைக்கு வழிதவறி வந்துவிடவில்லை. காட்டுத் துண்டுகளுக்கு நடுவே தேயிலை நடப்பட்டதால், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் அதன் வழி நம் மலைகளின் ஊடாகவே செல்கிறது. மரை, முள்ளம்பன்றி, முயல், குரங்கு ஆகியவை அதன் இரை; எளிதில் கிடைக்கும் லயத்து நாயையும் அது விடுவதில்லை. மனிதரைத் தேடி வருவதில்லை என்றாலும், செடிகளுக்கிடையே படுத்திருந்த சிறுத்தையை அறியாமல் நெருங்கிய தொழிலாளர்கள் காயமடைந்த சம்பவங்கள் உண்டு. ஆகவே, நேருக்கு நேர் கண்டால் ஓடக் கூடாது, குனியக் கூடாது, சிறு பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி அது போவதற்கு வழிவிட வேண்டும் என்பதை விளையாட்டாக நடித்துப் பழக்குங்கள். கவ்வாத்து மலையிலோ (செடிகளைக் கத்தரித்த தேயிலைப் பகுதியிலோ) அடர்ந்த செடிகளிலோ குட்டிகளைக் கண்டால் தொடவே கூடாது. தாய் இரை தேடிப் போயிருக்கும். மனிதக் கூட்டம் விலகினால் திரும்பி வரும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குத் தகவல் சொல்லலாம். கூட்டமாகச் சூழ்ந்து நின்று தொலைபேசியில் படம் பிடிப்பதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குத் தொடக்கம்.

கம்பிக் கண்ணியைப் பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம். மரக்கறித் தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காக்கவோ இறைச்சிக்காகவோ கட்டப்படும் கம்பியில் சிறுத்தைகள் சிக்கி இறக்கின்றன. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது. கண்ணி வைப்பது 1937ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். இவற்றையெல்லாம் சொல்லலாம், ஆனால், வகுப்பிலிருக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனாரே கம்பி கட்டுபவராக இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் ஒருகணமும் மறக்கக் கூடாது. ஒரு போகத்து உருளைக்கிழங்கை ஒரே இரவில் இழந்த குடும்பத்தின் பிள்ளையிடம் விலங்குகள் நம் நண்பர்கள் என்று பாடம் நடத்துவது எனக்குக் கூச்சத்தைத் தருகிறது. பன்றியால் வரும் நட்டத்தையும் கம்பியால் வரும் சாவையும் ஒரே பலகையில் எழுதிவிட்டு, வேறு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். தகரம் கட்டி ஒலியெழுப்புவது, இரவில் விளக்கு வைப்பது, எல்லாருமாகச் சேர்ந்து வேலி போடுவது என்று அவர்கள் சொல்லும் விடைகள் எல்லாமே வேலை செய்யாதவையாக இருக்கலாம். வீட்டில் அவை பேசப்படும். கம்பியைக் கண்டால் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும்.

ஏழாம் படி: ஒரு நாள் பயணம்

மேற்சொன்னவற்றுக்குப் பிறகே பயணம். இடத்தைத் தெரிவு செய்யும்போது பிள்ளைகளின் காலை நினைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவில், குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பறவைகளைச் சிறு பிள்ளைகளும் நடைபாதையில் நின்றே பார்க்கலாம். நகரை ஒட்டிய கல்வேஸ்லாண்ட் தேசிய பூங்கா முப்பது ஹெக்டேயருக்கும் குறைவானது. ஒரு காலைப் பொழுதில் நடந்து முடித்துவிடலாம். ஹக்கலைத் தாவரவியற் பூங்கா மந்தியைப் பார்ப்பதற்கு நம்பகமான இடம். கண்டிப் பக்கத்தினருக்கு உடவத்தைக்கலைக் காடும், ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும் பேராதனைப் பூங்காவும் இருக்கின்றன.

ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது; சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே போகிறவர்கள் உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்தே தீர வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அது மிகை. மேலும், 800 மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவின் ஓரத்தில் ஆறு பிள்ளைகளைக் காப்பது எந்த ஆசிரியருக்கும் மகிழ்ச்சியான வேலையாக இராது. நுழைவாயிலுக்கு அருகே, வெயில் ஏறுமுன் புல்வெளியில் மேயும் மரைகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாலே பயணத்தின் நோக்கம் நிறைவேறிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், குளிரும் கடுமையாக இருக்கும். காதை மூடும் தொப்பி கட்டாயம். காலை ஏழு மணிக்கு முன்னரே அங்கே இருக்க வேண்டும், ஒன்பது, பத்து மணியானால் மூடுபனி வந்துவிடும். நுழைவாயிலில் பொலித்தீனை அகற்றச் செய்வார்கள் என்பதால், சாப்பாட்டைத் தொடக்கத்திலேயே டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். மனிதருக்குப் பழகிய மரைகள் அருகே வரும். பிஸ்கட் நீட்டாதீர்கள், உணவுக்காகக் காத்து நிற்கப் பழகிய மரை, பொலித்தீன் உறையையும் சேர்த்து விழுங்குகிறது.

குறிப்புப் புத்தகம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, நேரம், நம்பர் மலை அல்லது இடம், மழையா வெயிலா, கண்டது அல்லது கேட்டது, யார் சொன்னது என்ற ஆறு விவரங்களை எழுதிவிட்டு, கீழே படம் வரையச் செய்யுங்கள். படத்தைத் திருத்தாதீர்கள், காதின் வடிவம் தவறாக இருந்தால், அடுத்த முறை காதை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வெவ்வேறு நிறத்தில் எழுதுவது நல்ல பழக்கம். ஒரு வருடக் கொப்பிகளை மேசையில் பரப்பிப் பார்த்தால், எந்த மாதத்தில் பன்றி இறங்குகிறது, எந்த மரம் பழுக்கும்போது மந்தி வருகிறது என்பது தோட்டத்துக்கே பயன்படும் செய்தியாகக் கிடைக்கும்.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் வெளிநடை நின்றுவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தினருக்கு ஐப்பசி, கார்த்திகையில் அந்த நிலை வரும். அப்போது கொப்பிகளையும் பிளாஸ்டர் அச்சுகளையும் அடுப்பங்கரை அலுமாரியின் மேற்தட்டில், தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டாத பக்கமாக வையுங்கள். நான் முதல் ஆண்டில் எடுத்த நான்கு மரைத் தடங்கள் ஜூன் மாத ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் பொடியாகிவிட்டன.